டேக்வாண்டோவா, கிக் பாக்ஸிங்கா: பெயரை விடுங்கள், விதியைக் கேளுங்கள்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு பிள்ளை வெள்ளை உடுப்பும் இடுப்புப் பெல்ட்டுமாக சைக்கிளில் போனால் பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "கராத்தே கிளாஸுக்குப் போறான்." அவன் போவது டேக்வாண்டோவாக இருக்கும். போர்டைப் பார்த்தாலும் தெளியாது. கராத்தே, டேக்வாண்டோ, கிக் பாக்ஸிங், சிலம்பம், யோகா என்று ஐந்தும் ஒரே ஃபிளெக்ஸில் இருக்கும். சொல்லிக்கொடுப்பவர் ஒரே மாஸ்டர். பெயரை நம்பிச் சேர்ந்தால் எதில் சேர்ந்தோம் என்பதே மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

பார்க்க வேண்டியது விதியை. எங்கே அடித்தால் புள்ளி, எங்கே அடித்தால் குற்றம் என்ற கணக்குதான் ஆறு மாதத்தில் உங்கள் கை எங்கே நிற்கும், கால் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்கிறது.

விதி உடம்பை எப்படி மாற்றுகிறது

டேக்வாண்டோ கொரிய நாட்டுக் கலை. அந்தப் பெயரே 1955-இல்தான் வந்தது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக நுழைந்து, 2000 சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டாக இருக்கிறது. பள்ளிக்கூடப் போட்டிகளில் வருவதும் இந்த ஒலிம்பிக் வழிதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்த கணக்கு இது: மார்புக் கவசத்தில் குத்து விழுந்தால் 1 புள்ளி, உதை விழுந்தால் 2, தலையில் உதைத்தால் 3. உடம்பைச் சுழற்றி உதைத்தால் கவசத்துக்கு 4, தலைக்கு 5. முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. தப்புச் செய்தால் எதிராளிக்கு 1 புள்ளி போகும். ரவுண்டு 2 நிமிடம். மூன்று ரவுண்டில் இரண்டை எடுத்தவர் ஜெயித்தார்.

இந்தக் கணக்கை நிதானமாக ஒரு தடவை படித்தால் டேக்வாண்டோக்காரர் ஏன் அப்படி நிற்கிறார் என்பது விளங்கிவிடும். குத்துக்கு 1, சுழன்று தலையில் உதைத்தால் 5 என்றால் யார் கையை நம்புவார்கள்? முகத்துக்குக் குத்து வராது, அதனால் கை தாழ்ந்தே கிடக்கும். தொடையில் உதை விழாது, அதனால் முன்காலைப் பற்றிய பயம் கிடையாது. பக்கவாட்டில் திரும்பி, குதிகாலைத் தரையில் ஊன்றாமல் துள்ளிக்கொண்டே நிற்கலாம். இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு கால் நீளம். அந்தத் தூரத்தைக் கணிப்பதில் டேக்வாண்டோ கற்றவரை மிஞ்சுவது கஷ்டம். இடைவெளி கைநீளத்துக்குச் சுருங்கிவிட்டால் அவருக்குத் திணறல்தான்.

கிக் பாக்ஸிங்கின் கதை வேறு. கராத்தேயும் முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக் கலையும் மோதிய இடத்தில், 1960-களில் ஜப்பானில் பிறந்த பெயர் அது. 1970-களில் அமெரிக்கக் கராத்தேக்காரர்கள் கையுறை மாட்டிக்கொண்டு முழு வீச்சில் அடிக்கத் தொடங்கியது இன்னொரு கிளை. இப்படிப் பல பக்கமிருந்து வந்து சேர்ந்ததால் ஒரே பெயருக்குள் பல விதிகள் இருக்கின்றன. உலக அளவில் இதை நடத்தும் வாக்கோ அமைப்புக்கு 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் கிக் பாக்ஸிங் இதுவரை ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக வந்ததில்லை. வாக்கோவின் ரிங் பிரிவுகளில் ஃபுல் காண்டாக்ட் என்றால் உதை இடுப்புக்கு மேலே மட்டும். லோ கிக் என்றால் தொடையிலும் உதைக்கலாம். கே-1 என்றால் முழங்காலும் வரும். ரிங் இல்லாமல் தரை விரிப்பின் (மேட்) மேல் நடப்பவை மென்மையானவை: பாயிண்ட் ஃபைட்டிங்கில் ஒரு அடி விழுந்ததும் நடுவர் நிறுத்திப் புள்ளி தருவார், லைட் காண்டாக்டில் நிறுத்தாமல் ஆடினாலும் பலத்தை அடக்கித்தான் அடிக்க வேண்டும், கிக் லைட் என்பது அதனுடன் தொடை உதையும் சேர்ந்தது.

எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. முகத்துக்குக் குத்து வரும். அதனால் முதல் நாளே கை கன்னத்துக்கு ஏறிவிடும், தாடை நெஞ்சை நோக்கி இறங்கிவிடும், உடம்பு எதிராளியைப் பார்த்துக் கொஞ்சம் நேராகத் திரும்பிவிடும்.

டேக்வாண்டோவிலும் இன்னொரு வழி இருக்கிறது. 1966-இல் தொடங்கிய ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) வழியில் கையுறை போட்டு முகத்தில் குத்தலாம். உங்கள் ஊர் மாஸ்டர் அந்த வழிக்காரரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே உதை, இரண்டு வேலை

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ரவுண்ட் கிக் ஒன்றே போதும். இரண்டு வகுப்பிலும் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்கள்.

டேக்வாண்டோவில் இதன் பெயர் டோல்யோ சாகி. முதலில் முழங்காலை நேர் முன்னே மடக்கித் தூக்க வேண்டும்; அதுவரை என்ன உதை வருகிறது என்று எதிராளிக்குத் தெரியாது. பிறகு ஊன்றிய காலின் குதிகால் எதிராளியைப் பார்க்கும் அளவுக்குப் பாதத்தைத் திருப்பி, இடுப்பைப் புரட்டி, முழங்காலுக்குக் கீழே மட்டும் சாட்டை மாதிரி வீச வேண்டும். படுவது பாதத்தின் மேற்புறம். பட்டதும் அதே வேகத்தில் மடக்கித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த உதைக்குக் கால் தயாராக இருக்க வேண்டுமே.

கிக் பாக்ஸிங்கில், அதுவும் தொடை உதை உள்ள பிரிவுகளில், வீச்சு இடுப்பிலிருந்து வருகிறது. முழங்கால் அவ்வளவு மடங்காது. முன்காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக எடுத்துவைத்து, உதைக்கும் பக்கத்துக் கையைக் கீழே வீசி, உடம்பையே கதவு மாதிரி சுழற்ற வேண்டும். மற்றொரு கை கன்னத்தை விட்டு நகரக் கூடாது. படுவது முன்னெலும்பு. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அதே எலும்புதான். பட்ட இடத்தில் நிறுத்தாமல் அதைத் தாண்டிப் போகிற எண்ணத்தோடு உதைப்பார்கள். பலம் அதிகம், ஆனால் தவறினால் முதுகு காட்டி நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டிலும் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றேதான்: ஊன்றிய பாதத்தைத் திருப்புவதில்லை. இடுப்பு சுழல்கிறது, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்குப்படுவது முழங்கால். இரண்டு வாரத்தில் முழங்காலின் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, உதைக்காமல், குதிகாலை மட்டும் திருப்பும் பயிற்சியை ஒரு காலுக்கு 20 தடவை தினமும் செய்தால் பழகிவிடும். டேக்வாண்டோவில் இன்னொரு தவறும் உண்டு. கால் விரல்களை நீட்டாமல் உதைத்தால் பாதத்தின் மேல் எலும்பு எதிராளியின் முழங்கையில் போய் மோதும். ஒரு வாரம் செருப்பு மாட்ட முடியாது.

கையில் துணி சுற்றுவது

டேக்வாண்டோவுக்குப் போகிறவர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கிக் பாக்ஸிங் என்றால் பாதிப் பாடம் கைதான்: ஜேப், கிராஸ், ஹூக், அப்பர்கட் என்று நான்கு வகைக் குத்து. முதல் மாதம் முதல் இரண்டும் ஒழுங்காக வந்தாலே நல்ல மாஸ்டர் திருப்திப்படுவார்.

தொங்கும் குத்துப் பையில் குத்துமுன் கையில் சுற்றும் துணி வேண்டும். பெரியவர்களுக்கு 4.5 மீட்டர் நீளம் வாங்குங்கள். சிறியது வாங்கினால் மணிக்கட்டுக்குப் போதாது. கொக்கியைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று, விரல் முட்டிகள் மேல் மூன்று சுற்று, பிறகு விரல் இடுக்குகள் வழியாக ஒவ்வொன்றாக, கட்டைவிரலைச் சுற்றி ஒன்று, மீதியை மணிக்கட்டுக்கே கொண்டுவந்து முடிக்க வேண்டும். சுற்றும்போது விரல்களை விரித்து வைத்திருங்கள். மடக்கி வைத்துச் சுற்றினால் கை மூடும்போது இறுகி விரல் மரத்துப்போகும். பையில் பட வேண்டியவை ஆள்காட்டி விரலின் முட்டியும் நடுவிரலின் முட்டியும். சுண்டுவிரல் பக்கம் பட்டாலோ மணிக்கட்டு மடங்கியிருந்தாலோ சுளுக்கு நிச்சயம்.

வீட்டிலேயே பை தொங்கவிடலாம் என்று மணலை நிரப்பிச் சாக்கைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், மேல் பாதி காலியாகத் தொங்கும். தொடை உதை பழகும் கால் நேராகப் போய் அந்தக் கல்லில்தான் விழும். தையல் கடைகளில் கேட்டால் வெட்டுத் துணி மூட்டையாகவே தருவார்கள். அதை இறுக்கி அடைத்தால் போதும். எடை உங்கள் உடல் எடையில் பாதி: 60 கிலோ ஆளுக்கு 30 கிலோ பை.

யாருக்கு எது

பத்து, பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால் ஒலிம்பிக் வழி டேக்வாண்டோ. இதில் பெரிய யோசனை வேண்டியதில்லை. முகத்துக்குக் குத்து கிடையாது, கவசங்கள் உண்டு, பெல்ட் என்ற ஏணி பிள்ளையை இழுத்துப் போகும், பள்ளிப் போட்டிகளும் இருக்கின்றன. தலை உதை உள்ள விளையாட்டு என்பதை மறந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் தள்ளிப்போடும் மாஸ்டரே நல்ல மாஸ்டர். பிள்ளை கிக் பாக்ஸிங்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பாயிண்ட் ஃபைட்டிங் சொல்லிக்கொடுக்கிற இடமாகப் பாருங்கள். ரிங் பிரிவுகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரிப் பருவத்தில் இருப்பவருக்குத்தான் உண்மையான கேள்வி. எடை குறைய வேண்டும், மூச்சு ஏற வேண்டும், வேலை முடிந்து ஒரு மணி நேரம் வியர்க்க வேண்டும் என்றால் கிக் பாக்ஸிங். இரண்டு நிமிடம் பை, ஒரு நிமிடம் ஓய்வு என்று மூன்று ரவுண்டு, முன்னால் ஸ்கிப்பிங். ஆரம்பத்தில் அதுவே நாக்குத் தள்ள வைக்கும். சில ஜிம்களில் பாட்டுப் போட்டுக் காற்றில் குத்தவைத்துவிட்டு அதையும் கிக் பாக்ஸிங் என்பார்கள். உடற்பயிற்சிக்கு அது சரி. சண்டை தெரியும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

தற்காப்புக்காக என்றால் என் தீர்ப்பு கிக் பாக்ஸிங் பக்கம். தெருவில் வருகிற முதல் அடி பெரும்பாலும் முகத்துக்குத்தான், அதுவும் கைநீளத் தூரத்திலிருந்து. முகத்துக்குக் குத்து வரும் என்று பழகாத கை அந்த நேரத்தில் மேலே வராது. சட்டையைப் பிடித்து இழுத்தாலோ தரையில் தள்ளினாலோ என்ன செய்வது என்பதை இரண்டுமே அவ்வளவாகச் சொல்லித்தருவதில்லை. அதையும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

உடம்பு வளைய வேண்டும், வரிசை அழகாக இருக்க வேண்டும், சண்டை போட விருப்பமில்லை என்றால் டேக்வாண்டோவில் பூம்சே இருக்கிறது. அடியும் தடுப்பும் கோத்த ஒரு வரிசையைத் தனியாக ஆடிக்காட்டுவது. சிலம்பத்தில் வீடு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்பு பெல்ட்டுக்கு முன் தேகுக் வரிசையில் எட்டு பூம்சே கற்க வேண்டும். இதில் தனிப் போட்டியே உண்டு, நாற்பது வயதுக்காரரும் இறங்கலாம். சிலம்பம் ஏற்கெனவே கற்றவருக்குக் கால்வைப்பும் கோணம் மாறி நகர்வதும் எந்தப் பக்கம் போனாலும் கைகொடுக்கும். உடம்பை நிமிர்த்தி அகலமாக நிற்கும் பழக்கத்தைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

முழங்காலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் சுழன்று உதைப்பதை விட்டுவிட்டுக் கையை முதன்மையாக வைத்துப் பழகலாம். அந்த வசதி கிக் பாக்ஸிங்கில் இருக்கிறது.

நம்ம வெயிலும் நம்ம தரையும்

திருநெல்வேலிப் பக்கம் வகுப்புகள் நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: பள்ளி மைதானம், மொட்டை மாடி, முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தளம் மாலை ஆறு மணிக்கும் கொதிக்கும். வெறும் பாதத்தில் குதிகாலைத் திருப்பினால் தோல் உரிந்து கொப்புளம் வரும். கொப்புளத்துக்குப் பயந்து பாதத்தைத் திருப்பாமல் விட்டால் முழங்கால் போகும். ஆகவே வெறும் சிமெண்டுத் தரையில் நடக்கும் டேக்வாண்டோ வகுப்பு என்றால் யோசியுங்கள். கோத்து விரிக்கும் ரப்பர் மேட்டாவது வேண்டும். கிக் பாக்ஸிங்கில் துள்ளல் குறைவு, சில இடங்களில் ஷூ போட்டே பழகவிடுவார்கள். தரை சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் மாடி வகுப்பு எங்கே நடக்கும் என்பதையும் முன்பே கேளுங்கள். இரண்டு மாதம் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

முடிந்தால் காலை ஐந்தரை மணி வகுப்பு. மாலை வகுப்பென்றால் மதியம் சொதிச் சோறு சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் ஒரு வாழைப்பழத்தோடு போகலாம்; முடித்துவிட்டு வந்து உப்புப் போட்ட நீராகாரம் குடிப்பதற்கு இணையாகக் கடையில் விற்கும் கலர் தண்ணீர் எதுவும் இல்லை.

உடம்பு வளைப்பது பற்றி ஒன்று. டேக்வாண்டோ என்றதும் பலருக்குக் கண்முன் வருவது காலை இருபுறமும் விரித்துத் தரையில் உட்காருவது. முதல் ஆறு மாதத்துக்கு அது தேவையே இல்லை. இடுப்பு உயரத்துக்குச் சுத்தமாக உதைத்தால் போதும். வந்தவுடனே குளிர்ந்த உடம்பைப் பிடித்து இழுப்பதால்தான் தொடையின் பின்தசை பிய்கிறது. முதலில் பத்து நிமிடம் ஓட்டமும் காலை முன்னும் பின்னும் வீசுவதும். இழுத்துப் பிடித்து 30 விநாடி நிற்பதெல்லாம் வகுப்பு முடிந்த பிறகு. பிள்ளையைக் கால் விரித்து உட்காரவைத்து முதுகில் ஏறி அழுத்துகிற மாஸ்டர் இன்னும் இருக்கிறார். பார்த்தால் அன்றைக்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சேருமுன் ஒரு மாலை

பணம் கட்டுமுன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் பார்க்க வேண்டாம் என்றால் அதுவே ஒரு பதில். பார்க்கும்போது கவனிக்க வேண்டியது மாஸ்டரின் உதையை விட, ஆறு மாதம் ஆன மாணவரின் உதையை. மாஸ்டர் நன்றாக உதைப்பார், அதில் ஆச்சரியமில்லை.

பிறகு ஸ்பாரிங், அதாவது ஜோடியாகச் சண்டை போட்டுப் பழகுவது, பற்றி மரியாதையாகக் கேளுங்கள்: "மாஸ்டர், ஸ்பாரிங் எந்த ரூல்ஸ்ல பண்ணுவீங்க? முகத்துல பஞ்ச் உண்டா? தொடையில கிக் உண்டா? வாரத்துல எத்தனை நாள்?" விதியைத் தெளிவாகச் சொல்கிறவரிடம் சேரலாம். "எல்லாமே உண்டு" என்ற பதில் வந்தால் எதுவும் முறையாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பலமாக அடித்துக்கொள்ளும் ஸ்பாரிங் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் புதியவருக்கு வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அந்த ஒரு நாளும் தேவையில்லை. தலையில் அடிபட்டபின் தலைவலி, குமட்டல், கண் மங்கல் இருந்தால் அன்றே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. "சும்மா தண்ணி தெளிச்சா சரியாயிரும்ல" என்கிற இடத்தில் இருக்காதீர்கள்.

பணக் கணக்கில் மாதக் கட்டணம் சிறு பகுதிதான். பெல்ட் டெஸ்ட்டுக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, டிரெஸ் அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா, போட்டிக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். டேக்வாண்டோவில் கறுப்பு பெல்ட்டுக்கு ஒழுங்காகப் போனால் மூன்று நான்கு வருடம் ஆகும். ஒன்றரை வருடத்தில் தருகிறேன் என்பவர் பெல்ட் விற்கிறார். கறுப்பு பெல்ட் சான்றிதழ் டேக்வாண்டோவின் தலைமையகமான, சியோலில் உள்ள குக்கிவானிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். 15 வயதுக்குக் கீழே இருந்தால் அதில் டான் (கறுப்பு பெல்ட்டின் படி) என்பதற்குப் பதில் பூம் என்று இருக்கும். இந்தியாவில் டேக்வாண்டோ சங்கங்களுக்குள் யார் உண்மையான சங்கம் என்ற சண்டை நெடுநாளாக உண்டு. விளையாட்டுச் சான்றிதழை வைத்துக் கல்லூரி இடமோ வேலையோ எதிர்பார்க்கிறவர்கள், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் இப்போது செல்லும் என்று பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமே கேட்டுவிடுவது நல்லது. கிக் பாக்ஸிங்குக்கும் இதே கேள்வி பொருந்தும்.

சாமான்கள் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்காதீர்கள். டேக்வாண்டோவுக்கு முதல் மூன்று மாதம் உடுப்பு மட்டும் போதும். மார்புக் கவசமும் தலைக் கவசமும் வகுப்பிலேயே இருக்கும். கிக் பாக்ஸிங்குக்குக் கைத்துணியும், பைக்கு 12 அவுன்ஸ் கையுறையும். ஸ்பாரிங் வரும்போது 14 அல்லது 16 அவுன்ஸ், முன்னெலும்புக் கவசம். பல் கவசத்தையும் ஆண்களுக்கான அடிவயிற்றுக் கப்பையும் இரண்டு பக்கத்துக்காரரும் சொந்தமாக வாங்க வேண்டும், இரவல் கூடாது. கையுறையை நம் ஊர் வியர்வையோடு பைக்குள் மூடி வைத்தால் மூன்றாம் நாள் நாற்றம் வீட்டை நிறைக்கும். வாயை விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் போட்டால் மேல்தோல் வெடித்துவிடும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

இரண்டு வருடம் டேக்வாண்டோ பழகிவிட்டுக் கிக் பாக்ஸிங்குக்குப் போகிறவர்கள் நிறைய. கால் வேகமும் தூரக் கணிப்பும் கையோடு வரும். மாற்ற வேண்டியது நிற்கும் முறையை. பக்கவாட்டு நிலையை நேராக்க வேண்டும், கையைக் கன்னத்துக்கு ஏற்ற வேண்டும். கையை உயர்த்தியே இரண்டு நிமிடம் நிற்பது முதல் வாரம் தோளை இறக்கிவிடும். கண்ணாடி முன் அதைத் தனியாகப் பழகலாம். எதிர்ப்பக்கமிருந்து டேக்வாண்டோவுக்கு வருகிறவருக்குக் கஷ்டம் வேறு: முழங்காலை மடக்கித் தூக்காமல் இடுப்பால் வீசும் பழக்கம் லேசில் போகாது, உதை தாமதமாகப் போகும், புள்ளி விழாது.

டேக்வாண்டோக்காரர் கடைசியாகக் கற்பது முன்காலைக் காப்பாற்றுவது. எதிராளியின் உதை தொடைக்கு வரும்போது முழங்காலை வெளிப்பக்கமாகத் தூக்கி, முன்னெலும்பில் வாங்க வேண்டும். அது கைவரும்வரை தொடையின் வெளிப்பக்கத்தில் அடி விழுந்துகொண்டே இருக்கும். அடி விழும்போது அவ்வளவாகத் தெரியாது. வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது கால் தானாக மடங்கும். அன்று இரவு துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்துவிட்டு, மறுநாள் மெதுவாக நடங்கள். இரத்தம் கட்டிய இடத்தை எண்ணெய் போட்டுப் பலமாக நீவிவிட மட்டும் யாரையும் விடாதீர்கள்.